யார் வீட்டு ஊசி

அல்லி கிரீன்ஸ் குடியிருப்பிலிருந்து குப்பை பிரிப்பது பற்றி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டபோது ஷர்மிளாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முடிச்சூர்ப் பக்கம் மாநகராட்சிப் பரப்புரையாளராக அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை. மற்றபடி அவள்தான் போய் மணியடிக்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, "எலெக்‌ஷனா?" என்பார்கள். "கேஸ் கனெக்‌ஷனா?" என்பார்கள். மக்கும் குப்பை பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில், ஊசி, நாப்கின், டயப்பர், பேட்டரி எல்லாம் தனித்தனியாகச் சுற்றி என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே குக்கர் விசிலடிக்கும். கதவு சாத்திக்கொள்ளும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று சின்ன வாளிகளையும் படம் போட்ட சுருளையும் ஒரு பெரிய பையில் திணித்துக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துப் பத்தே முக்காலுக்கே போய்விட்டாள். வாசலில் வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்.

கீழ்த்தளம் என்றால் கார் நிறுத்துமிடம். இரண்டு கார்களுக்கு நடுவே தார்ப்பாய் விரித்திருந்தது. அதில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள், இரண்டு டிரைவர்கள், ஒரு சமையல்காரம்மா, இஸ்திரி போடுகிறவர். நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள குடியிருப்பில் ஒரு வீட்டுக்காரர்கூட இல்லை. சங்கத்துச் செயலாளர் கஸ்தூரிரங்கன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வீட்டுக்காரங்க எல்லாம் எப்ப வருவாங்க சார்?" என்று கேட்டாள் ஷர்மிளா.

"அவங்க எதுக்கும்மா? குப்பையக் கீழ கொண்டுவந்து போடறது இவங்கதானே. இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போதும். முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். வாட்ஸ்அப் குரூப்ல போடணும்."

ஷர்மிளாவுக்கு முகம் சூடானது. ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை அப்படியே அனுப்பவும் மனசில்லை. வாளிகளை வரிசையாக வைத்தாள். வாழைப்பழத் தோலைத் தூக்கிக் காட்டி, "இது எதுல?" என்றாள்.

"பச்சை!" என்று முப்பது குரலும் ஒன்றாக வந்தன. சிரிப்பும் கூடவே வந்தது.

பால் கவர்? நீலம். முட்டை ஓடு? பச்சை. பழைய பேட்டரி? தனி. ஒன்றில்கூட அவர்கள் தவறவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவுமே மிச்சமில்லை.

கடைசி வரிசையில் ஊதாச் சேலையில் இருந்த அம்மா ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குடியிருப்பைப் பெருக்கித் துடைத்து, எல்லா வீட்டுக் குப்பையையும் சேர்த்து வண்டிக்குக் கொடுக்கும் தனம் அவள்தான். ஐம்பது வயதிருக்கும்.

"இதெல்லாம் தெரியும்மா," என்றாள் தனம். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனா மூட்டையக் கட்றது நாங்களா? எல்லாத்தையும் கறுப்புக் கவர்ல போட்டு இறுக்கி முடிஞ்சு வாசல்ல வெச்சிர்றாங்கோ. உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? கைய வுட்டுத்தான் பாக்கணும். பாத்தேன்."

வலது கை நடுவிரலைத் தூக்கிக் காட்டினாள். காட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஊசி குத்திய இடம் ஆறிப் போயிருந்தது. ஆனால் தார்ப்பாயில் இருந்த பெண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஷர்மிளா வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டாள். தனத்தைத் தண்ணீர் மோட்டார் அறைப் பக்கம் அழைத்துப் போய், என்ன நடந்தது என்று கேட்டாள்.

பன்னிரண்டு நாள் முன்னால் நடந்தது. கறுப்புக் கவர் ஒன்றைப் பிரித்து பிளாஸ்டிக்கைத் தனியாக எடுக்கும்போது, மூடி கழன்ற ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து விரலில் இறங்கிவிட்டது. கீழே ஆரஞ்சு நிற மூடி கிடந்தது. ரத்தம் வந்தது. குரோம்பேட்டை ஜி.எச்.சுக்குப் போனாள். அங்கே டாக்டரம்மா ரத்தம் எடுத்து, ஒரு ஊசியும் போட்டு, இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்.

"இன்னா மாத்திரை?"

தனம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எய்ட்ஸ் வராம இருக்கறதுக்காம். அந்த ஊசி யாருதுன்னு தெரியாதில்ல. துன்னா வாந்தி. துன்னாங்காட்டியும் வாந்தி. மாடிப்படி பெருக்கறப்ப ரெண்டு தபா உக்காந்துட்டேன். வூட்ல வயித்துப் புண்ணு மாத்திரைன்னு சொல்லிக் கீறேன். தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுக்கினேன். பேத்திக்கு ரெண்டு வயசு. என் கையால ஊட்டுனாத்தான் துன்னும். இப்ப ஊட்றதில்ல."

"சோத்துல, தட்டுல எல்லாம் அது ஒட்டிக்காதுக்கா. பேத்திக்குத் தாராளமா ஊட்டலாம்."

"டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்கோ. மனசு கேக்கல. யார் ஊசின்னு தெரியுமான்னும் கேட்டாங்கோ. தெரிஞ்சா அவங்க ரத்தத்தப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னா மாத்திரைய நிறுத்திடலாமாம். நான் செக்ரட்டரி சாரைக் கேட்டேன். குரூப்ல போட்டுட்டேன், யாரும் சொல்லலன்னுட்டாரு."

ஷர்மிளா நேராகக் கஸ்தூரிரங்கனிடம் போனாள். குரூப்பில் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். அவர் தயங்காமல் கைபேசியை எடுத்துக் காட்டினார். 'அன்பான குடியிருப்போருக்கு, கூர்மையான பொருட்களைக் கவனமாக அகற்றும்படி வேண்டுகிறோம்.' அதற்குக் கீழே பதினாறு கும்பிடு, ஒன்பது கட்டைவிரல், ஒரு பூங்கொத்து.

"இதுல யார் வீட்டு ஊசின்னு கேக்கவே இல்லையே சார்."

"அது எப்படிம்மா கேக்கறது? ஒருத்தரோட ஹெல்த் அவங்க பிரைவேட் விஷயம். அதுவுமில்லாம இங்க எல்லாம் டீசன்ட் ஃபேமிலி. அந்த மாதிரி வியாதி இருக்கறவங்க யாரும் இல்ல. பயப்படாதேன்னு அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னா அவங்க மாத்திரைய நிறுத்திட முடியுமா சார்? நாப்பத்தெட்டு வீட்ல ஒரு வீட்டுக்காரங்க, 'எங்க ஊசிதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தம்மா பன்னெண்டு நாள் வாந்தி எடுத்திருக்க வேணாம். அதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு டீசன்சி தடுக்குது!"

ஷர்மிளாவின் அம்மா குப்பம்மா கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வந்து கூவி விற்றவள். அந்தக் குரல் மகளுக்கும் வந்திருந்தது. கீழ்த்தளம் முழுக்க அது முழங்கியது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கையை நிறுத்தினார்.

"நீங்க வகுப்பு எடுக்கத்தானே வந்தீங்க? எடுத்தாச்சில்ல," என்றார் கஸ்தூரிரங்கன்.

"இல்ல சார். என் வேலை வீடு வீடாப் போறது. இன்னும் ஒரு வீட்டுக்கும் போகல."

தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். "வேணாம்மா, எனக்கு வேலை பூடும்," என்று தனம் இரண்டு படிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனாலும் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

முதல் வீட்டில் காதில் ஹெட்செட்டோடு ஒரு இளைஞன் கதவைத் திறந்தான். சிறுசேரியில் வேலை, இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறான். "எங்க வீட்ல குப்பையே வராதுங்க. சமைக்கறதே இல்ல, எல்லாம் ஆர்டர்தான்," என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் பார்சல் டப்பாக்கள் அவன் இடுப்புயரத்துக்கு நின்றன. இரண்டாவது வீட்டில் ஒரு பெண், "நாங்க கரெக்டா பிரிச்சுத்தான் வெக்கறோம். மெய்டுதான் எல்லாத்தையும் கலந்துடறா," என்றாள். அவள் வீட்டு வேலைக்காரப் பெண், கால் மணி நேரத்துக்கு முன்னால் கீழே எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவள், பின்னால் துடைப்பத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வீட்டுக்காரர் ஷர்மிளாவின் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஒவ்வொரு வாசலிலும் ஷர்மிளா ஒரே மாதிரிதான் தொடங்கினாள். "இவங்க பேரு தனம். உங்க குப்பைய எடுக்கறவங்க. பன்னெண்டு நாள் முன்னாடி உங்க பில்டிங் குப்பைல இருந்த ஊசி இவங்க கையில குத்திடுச்சு. உங்க வீட்ல யாராவது ஊசி போட்டுக்கறாங்களா? தெரிஞ்சா அவங்க ரத்தத்தப் பாத்துட்டு இவங்க மாத்திரைய நிறுத்திடலாம்."

அந்தப் பெயரை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை என்பது அவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஏழு வருஷமாக அவள் 'ஹவுஸ்கீப்பிங் அம்மா'.

மூன்று வீடுகளில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இருந்தார்கள். மூவரும் பேனா மாதிரியான கருவியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் ஆரஞ்சு மூடி கிடையாது. காட்டியதும் ஒரு பெரிய குற்றத்திலிருந்து விடுதலையானவர்கள் போல மூச்சு விட்டார்கள். தனத்தை எட்டிப் பார்த்து, "பாவம்" என்றார்கள்.

இரண்டாவது மாடி முடியும்போது கைபேசி அடித்தது. அவளுடைய மேற்பார்வையாளர் ஏகநாதன்.

"ஷர்மிளா, அந்த செக்ரட்டரி நாலு தபா போன் பண்ணிட்டாரு. இன்னாம்மா பண்ணிக்கினு கீற அங்க?"

"வீடு வீடா சொல்லிக்கினு கீறேன் சார். நீங்க குடுத்த வேலைதான்."

"போலீஸ் வேலையெல்லாம் பாக்காத. எழுத்துல கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வரட்டும் சார்," என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

மூன்றாவது மாடியில் கடைசி வீட்டுக் கதவைத் திறந்தது சபீஹா. முப்பது வயதுப் பெண். ஷர்மிளா சொல்லி முடிக்கும் வரை கதவுப் பிடியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு உள்ளே போய், பாதி காலியான ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். ஊசிகள். எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு மூடி.

"மாமாவுக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"போட்டு முடிச்சதும் எங்க போடறீங்க?"

"பாத்ரூம் டஸ்ட்பின்ல."

"குரூப்ல மெசேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேங்க்கா." சபீஹாவின் கண் நிறைந்துவிட்டது. "நம்மளதா இருக்குமோன்னு அன்னிக்கே தோணுச்சு. ஆனா இந்த வீடு கிடைக்கவே எட்டு மாசம் அலைஞ்சோம். பேரைக் கேட்டுட்டு, வீடு போயிடுச்சுன்னு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா? இதுல எங்க ஊசி குத்துச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா..."

ஷர்மிளாவுக்குள் மூன்று மாடி ஏறி வந்த கோபம் அந்த இடத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. ஆனால் அணையவில்லை.

"உங்க பயம் எனக்குப் புரியுதும்மா. பன்னெண்டு நாளா இவங்களும் பயந்துகினுதான் கீறாங்க. ரெண்டு பயத்துல எது பெருசுன்னு நீங்களே இவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

சபீஹா தனத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் மாமனார் அப்துல் ரசாக் வெளியே வந்தார். எழுபதை நெருங்கியவர். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்து, பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். மெசேஜ் வந்த விஷயமே அவருக்குத் தெரியாது. மருமகள் சொல்லவில்லை.

அவர் தனத்திடம்தான் முதலில் பேசினார். "எந்த விரல்மா?"

தனம் காட்டினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருஷம் பட்டறை நடத்துனேன். இரும்புத் துருவலுக்குன்னு தனியா ஒரு டப்பா வெச்சிருந்தேன். பெருக்க வர்றவங்க கைய கிழிச்சிடும்னு. எவனாவது தரையில போட்டா அவனைக் கத்துவேன். வீட்ல என் ஊசிய நான் எங்க போடறேன்னு ஒரு நாளும் யோசிக்கல பாருங்க." சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். "ரத்தம் எங்க குடுக்கணும்? இப்பவே போகலாம்."

"இருங்க மாமா," என்றாள் சபீஹா. ஷர்மிளாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, இதே ஊசிதான் செக்ரட்டரி சார் வீட்டு ஆன்ட்டிக்கும். மருந்துக் கடையில ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாங்குவோம்."

ஷர்மிளா திரும்பிப் படியிறங்கினாள். தனமும் அவர்கள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

தரைத்தளத்தில் கஸ்தூரிரங்கன் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "சார், உங்க வீட்டு அம்மா இன்சுலின் ஊசி போட்டுக்கறாங்களா?" என்று ஷர்மிளா கேட்டாள்.

"என் வொய்ஃபைப் பத்திக் கேக்க நீ யாரு?" என்றார் அவர். காலையிலிருந்து இருந்த 'நீங்க' அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. "உன் வேலை என்ன, உன் லிமிட் என்ன? நாளைக்கே உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன் பாரு!"

"தூக்குங்க சார். தூக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. மூணு மாடி ஏறி எறங்கிட்டேன், ஒவ்வொரு வீட்லயும் மெய்டுதான் தப்பு, ஹவுஸ்கீப்பிங்தான் தப்பு. கீழ தார்ப்பாய் போட்டு உக்கார வெச்சீங்களே, அவங்களுக்கா பாடம் வேணும்? ஊசிய பாத்ரூம் கூடையில போட்டது அவங்களா? கறுப்புக் கவர்ல முடிச்சுப் போட்டது அவங்களா? பேசாம இருந்தது அவங்களா?"

மாடிகளில் கதவுகள் திறந்தன. கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தலைகள் தெரிந்தன.

கஸ்தூரிரங்கன் பதில் சொல்வதற்குள் அவர் பின்னால் இருந்து அவர் மனைவி வந்தார். வெளியே கிளம்புகிற மாதிரி கையில் பர்ஸ் இருந்தது. கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"அன்னிக்கே சொன்னேன், எல்லார்கிட்டயும் நேரா கேளுங்க, முதல்ல நம்ம வீட்ல இருக்குன்னு நீங்களே சொல்லுங்கன்னு. செக்ரட்டரி வீட்டு ஊசின்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு வாயை மூடினீங்க. நானும் மூடிண்டேன். அதான் தப்பு." பிறகு தனத்திடம், "வாம்மா, போலாம்," என்றார்.

கஸ்தூரிரங்கன் உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு ஆட்டோவில் ஐந்து பேரும் முடிச்சூர் ரோட்டில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. இருவர் ரத்தத்திலும் பயப்பட எதுவுமில்லை. இரண்டில் எது குத்தியது என்பது கடைசிவரை தெரியவில்லை. இனிமேல் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. திங்கட்கிழமை ஜி.எச்.சில் டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்து எதற்கும் ஒரு தரம் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அன்று மத்தியானம் தனம் ஷர்மிளாவைக் கைபேசியில் கூப்பிட்டாள். "சோறு ஊட்டுனேன்மா," என்றாள். பின்னால் குழந்தை எதையோ கீழே தட்டிவிடும் சத்தம் கேட்டது.

புகார் எழுத்தில் வரத்தான் வந்தது. குடியிருப்போரின் அமைதியைக் கெடுத்தது, உடல்நலத் தகவல்களை மிரட்டிக் கேட்டது என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. ஏகநாதன் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது மன்னிப்பா? நடந்ததை அப்டியே எழுதிக் கீற."

"ஆமா சார். மன்னிப்பு கேக்கற மாதிரி அதுல எதுனா இருந்தா நீங்களே கோடு போடுங்க. கேட்டுர்றேன்."

ஏகநாதன் பேனாவை எடுத்தார். இரண்டாம் தரம் படித்தார். கோடு எதுவும் போடாமல் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்.

இதற்கிடையில் அல்லி கிரீன்ஸில் வேறொன்று நடந்தது. அதை யாரும் கூடிப் பேசித் திட்டமிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் கட்டிய கறுப்புக் கவரைத் தூக்க மாட்டேன் என்று வாசலிலேயே விட்டுவிட்டாள். அடுத்த வீட்டில் வேலை செய்பவளும் விட்டாள். கீழே வந்து சேர்ந்த மூட்டைகளைத் தனம் வாங்கவில்லை. "தொறந்து காட்டு. பிரிச்சிருந்தா வை, இல்லன்னா எடுத்துக்கினு போ," என்றாள். வியாழக்கிழமைக்குள் மூன்று மாடியிலும் கால் வைக்க இடமில்லை. லிஃப்டுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குரூப்பில் கும்பிடு நின்று வசவு வந்தது. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சிலர் எழுதினார்கள். வேறு ஆளும் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அப்துல் ரசாக்கின் மகன் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்களுக்கு வகுப்பு. இந்த முறை கூப்பிட்டது கஸ்தூரிரங்கனின் மனைவி. அதே கீழ்த்தளம், ஆனால் நாற்காலி போட்டிருந்தார்கள். பதினெட்டு வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். ஷர்மிளா வாழைப்பழத் தோலைக் காட்டி எதுல என்று கேட்டபோது இரண்டு பேர் நீலம் என்றார்கள். சிறுசேரி இளைஞன் பார்சல் டப்பாவில் ஒட்டிய சாம்பாரைக் கழுவ வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றாள். அப்துல் ரசாக் கெட்டியான ஒரு சோப்புத் திரவ டப்பாவில் சிவப்பு பெயின்ட்டால் 'ஊசி' என்று எழுதி, மூடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். இன்னொன்றைச் செய்து கஸ்தூரிரங்கன் வீட்டுக்கும் கொடுத்திருந்தார். கஸ்தூரிரங்கன் வரவில்லை. தனத்திடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் நன்றாக இருந்தது என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். ஷர்மிளாவுக்கு அது காதில் ஏறவில்லை. வராத முப்பது வீடுகள்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த முப்பதின் பட்டியலோடு வந்து முதல் வீட்டு மணியை அடித்தாள். ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, ஷர்மிளாவின் கையிலிருந்த வாளிகளைப் பார்த்தாள்.

"மெய்டு இன்னும் வரலைங்க. அப்புறம் வாங்களேன்."

"நான் மெய்டைப் பாக்க வரலம்மா," என்று ஷர்மிளா வாளிகளை அந்த வாசலிலேயே இறக்கி வைத்தாள். "உங்களைப் பாக்கத்தான் வந்தேன். கதவை நல்லாத் தொறங்க."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் திறந்தாள். ஆனால் திறந்தாள்.